ஒரு பால் ஆலையின் சாக்கடைக் கட்டணம்: 3,73,500 பவுண்டு எங்கிருந்து வந்தது?

நாளுக்கு 3 லட்சம் லிட்டர் பால் வாங்கி, பாட்டிலில் அடைத்தும் தயிராக்கியும் விற்கும் நடுத்தர ஆலை ஒன்று இங்கிலாந்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது. கழிவுநீரைச் சொந்தமாகச் சுத்திகரிக்காமல், ஒரு சல்லடையைத் தாண்டியதும் பொதுச் சாக்கடையில் விடுகிறது. அதற்கான ஆண்டுக் கட்டணம் 3,73,500 பவுண்டு. தொகையைப் பார்த்து அதிர்ந்த நிர்வாகத்தின் மேசையில், மிதவைச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கான விலைப்பட்டியல் ஏற்கெனவே வந்து கிடக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இந்த ஆலை கணக்குக்காகக் கட்டிய மாதிரி. அலகுக் கட்டணங்களும் விளக்கத்துக்காக வைத்தவையே. உண்மை அட்டவணை நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சூத்திரமும் சட்டமும் பாலின் வேதியியலும் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பில்லின் உள்ளே

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான கட்டணம் மாக்டன் சூத்திரத்தின்படி போடப்படுகிறது. மேற்கு லண்டனில் ஐசல்வொர்த் பகுதியில் 1936-இல் திறக்கப்பட்ட மாக்டன் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் அது. அடுத்த ஆண்டே வந்த 1937 சட்டம், அனுமதி பெற்று பொதுச் சாக்கடையில் கழிவுநீர் விடும் உரிமையைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. உரிமை வந்தபின் யார் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கான விடையின் அடிப்படை வடிவம் இது:

ஒரு கன மீட்டருக்கான கட்டணம் = ஆர் + வி + (ஆலை நீரின் சிஓடி ÷ ஊர்ச் சாக்கடை நீரின் சிஓடி) × பி + (ஆலை நீரின் டிஎஸ்எஸ் ÷ ஊர்ச் சாக்கடை நீரின் டிஎஸ்எஸ்) × எஸ்

சிஓடி என்பது நீரில் உள்ள கழிவை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. டிஎஸ்எஸ் என்பது நீரில் கரையாமல் மிதக்கும் திடப்பொருளின் அளவு. ஆர் என்பது குழாயிலும் பம்பிலும் நீரைக் கொண்டுபோகும் செலவு. வி என்பது சல்லடை, முதல்நிலைத் தொட்டி போன்றவற்றின் செலவு. இவ்விரண்டும் நீரின் அளவைப் பொறுத்தவை; உள்ளே என்ன கலந்திருந்தாலும் மாறாது. பி என்பது பாக்டீரியாவுக்குக் காற்றூதிக் கரைந்த கழிவைத் தின்ன வைக்கும் செலவு. எஸ் என்பது சேற்றைக் கையாளும் செலவு. பின்னவை இரண்டும் ஊர்ச் சாக்கடையோடு ஒப்பிட்டு ஏறி இறங்கும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு நிபந்தனை உண்டு. ஆலை நீரின் சிஓடியை அப்படியே அளக்கக் கூடாது. பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, தெளிந்த நீரில் அளக்க வேண்டும். முதல்நிலைத் தொட்டியில் படியக்கூடிய திடப்பொருளுக்கு எஸ் பகுதியில் பணம் வாங்கியாகிவிட்டது; அதையே பி பகுதியில் மறுபடி எண்ணாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கலக்கிய மாதிரியில் சிஓடி பார்த்துவிட்டு பில்லோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. டிஎஸ்எஸ் அளவும் பிஎச் 7-இல்தான் எடுக்கப்பட வேண்டும். தயிர்ப் பிரிவு உள்ள ஆலையில் இது பெரிய விஷயம். பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது பாலின் முக்கியப் புரதமான கேசீன் திரண்டுவிடும். அமில நிலையிலேயே வடிகட்டினால், கரைந்தும் கூழ்மமாகவும் இருந்த புரதமெல்லாம் திடப்பொருள் கணக்கில் ஏறிவிடும்.

நம் ஆலைக்கான அலகுகள்: ஆர் 20 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு), வி 25, பி 40, எஸ் 25. ஊர்ச் சாக்கடையின் சிஓடி லிட்டருக்கு 400 மில்லிகிராம், டிஎஸ்எஸ் 350. ஆலையின் பதிவான அளவுகள்: நாளுக்கு 300 கன மீட்டர், சிஓடி 3,200, டிஎஸ்எஸ் 700.

45 + (3,200 ÷ 400) × 40 + (700 ÷ 350) × 25 = 45 + 320 + 50 = 415 பென்ஸ். ஆண்டுக்கு 90,000 கன மீட்டர். மொத்தம் 3,73,500 பவுண்டு. இதில் நீரின் அளவுக்குப் போவது 40,500 மட்டுமே. பி பகுதி ஒன்றே 2,88,000.

இன்னொரு எண்ணையும் இங்கேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 0.4 கிலோ சிஓடிக்கு 40 பென்ஸ் என்றால், ஒரு கிலோ சிஓடிக்கு 1 பவுண்டு. முழுக்கொழுப்புப் பாலின் சிஓடி லிட்டருக்குச் சுமார் 2,00,000 மில்லிகிராம், அதாவது 0.2 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. மீதியைப் புரதமும் பால் சர்க்கரையான லாக்டோஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக, வடிகாலில் இறங்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 20 பென்ஸ் கட்டணம். அந்தப் பாலை வாங்கக் கொடுத்த விலை இதில் சேராது.

பில்லின்படி இந்த ஆலை நாளுக்கு 960 கிலோ சிஓடி விடுகிறது. முழுவதும் பால் என்று வைத்தால் 4,800 லிட்டர். வாங்கும் பாலில் 1.6 சதவீதம். பால் ஆலைகளுக்கு இது வழக்கத்துக்கு மாறான இழப்பு அல்ல. பில் நம்பும்படி இருந்ததற்கும், யாரும் அதைக் கிளறாமல் விட்டதற்கும் அதுவே காரணம்.

மீட்டர்

வெளியேறும் நீர் 90 டிகிரி வி-நாட்ச் தகட்டை, அதாவது வி வடிவ வெட்டுள்ள தகட்டை, தாண்டி விழுகிறது. மேலே பொருத்திய அல்ட்ராசோனிக் சென்சார் நீர்மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. விநாடிக்கு கன மீட்டரில் ஓட்டம் = 1.38 × மட்டத்தின் 2.5 அடுக்கு; மட்டம் மீட்டரில். நாளுக்கு 300 கன மீட்டர் என்பது சராசரியாக 91 மில்லிமீட்டர் மட்டம்.

இந்த 2.5 அடுக்குதான் ஆபத்து. மட்டத்தில் 5 மில்லிமீட்டர் பிசகினால் ஓட்டத்தில் 13, 14 சதவீதம் பிசகும். சாய்வு விளிம்பு இரண்டிலும் கொழுப்பும் பால்கல்லும் (பாலின் தாதுவும் புரதமும் இறுகிய படிவு) சேர்ந்து 3.5 மில்லிமீட்டர் தடிப்பில் படிந்தால் போதும். 90 டிகிரி கோணத்தில் அது நாட்ச்சின் அடிமுனையை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கியதற்குச் சமம். அதே நீர் கடந்துபோக மட்டம் 5 மில்லிமீட்டர் உயர வேண்டும். சென்சாருக்குப் படிவு தெரியாது. உயர்ந்த மட்டத்தை அதிக ஓட்டம் என்றே எழுதும். பால் ஆலையில் நுரையும் இதே வேலையைச் செய்யும். நுரை கெட்டியாக இருந்தால் சென்சார் நுரையின் மேற்பரப்பையே நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளும்.

மீட்டர் சரியா என்று தெரிந்துகொள்ளத் தகட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வழி உண்டு: நீர்க்கணக்கு. நம் ஆலையில் உள்ளே வரும் நீர் நாளுக்கு 315 கன மீட்டர். ஊழியர் கழிப்பறை, உணவுக்கூடம் வழியாகத் தனிக் குழாயில் போவது 4. கொதிகலனிலும் குளிர்விக்கும் கோபுரத்திலும் ஆவியாவது 38. தயாரிப்போடு வெளியேறுவது 14. வடிகாலில் கலக்கும் பால் 4 சேர வேண்டும். 315 – 4 – 38 – 14 + 4 = 263. மீட்டர் காட்டுவது 300. விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தெரிந்த உயரத்தில் பலகை வைத்துச் சென்சாரைச் சரிபார்த்தபின் மீட்டரும் 260-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கட்டண நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது வீண் வேலை.

பூச்சியம் பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நாட்ச்சில் நீர் வழிவது நின்ற கணத்தைப் பூச்சியம் என்று வைப்பார்கள். பரப்பு இழுவிசையால் நீர் அடிமுனைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அங்கே பூச்சியம் வைத்தால் மீட்டர் எப்போதும் குறைவாகக் காட்டும். அது கண்டுபிடிக்கப்படும் நாளில் பழைய பாக்கியும் சேர்ந்து வரும். அடிமுனையின் உயரத்தைக் கொக்கி அளவுகோலால் எடுத்துப் பூச்சியம் வைப்பதே முறை. சென்சார் இருக்க வேண்டிய இடம் தகட்டுக்கு நேர் மேலே அல்ல. அதிகபட்ச மட்டத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு தூரம் பின்னால். தகட்டருகே நீர் வளைந்து தாழும்.

மாதிரி

3,200 என்ற சராசரி எப்படி வந்தது? ஆண்டில் 12 முறை, முன்னறிவிப்பில்லாமல் வந்து எடுத்த ஒற்றை மாதிரிகளின் எளிய சராசரி. அவற்றில் 11 மாதிரிகள் சுமார் 2,250-ஐச் சுற்றியவை. ஒன்று 13,600. அந்த ஒன்று இல்லையென்றால் சராசரியே வேறு.

அதைப் பிழை என்று உடனே ஒதுக்கிவிட முடியாது. அந்த நேரத்தில் அந்த நீர் உண்மையிலேயே வடிகாலில் போனது. பெரும்பாலும் தயிர்த் தொட்டியின் சிஐபி கழுவலில், அதாவது கருவியைப் பிரிக்காமல் உள்ளேயே ரசாயனமும் நீரும் ஓட்டிக் கழுவுவதில், முதல் அலசல். கேள்வி, அது நாளில் எத்தனை நிமிடம் போகிறது, அப்போது ஓட்டம் எவ்வளவு என்பதுதான். பத்து நிமிட அலசல், ஒரு மாதத்தின் முழு எடையோடு சராசரியில் உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு: மற்ற 11 மாதிரிகளும் பகல் நேரத்தில் எடுத்தவை என்றால், இரவுக் கழுவல் கணக்கிலேயே வராமல் போயிருக்கலாம். ஒற்றை மாதிரி ஆலைக்குச் சாதகமாகவும் பிசகும், பாதகமாகவும் பிசகும்.

ஓட்டத்துக்கு ஏற்ப, உதாரணமாக ஒவ்வொரு 2 கன மீட்டருக்கும் ஒரு முறை, சிறிதளவு நீர் எடுத்து 24 மணி நேரக் கூட்டு மாதிரி சேர்க்கும் கருவி வைத்து 28 நாள் ஓட்டினால் உண்மை தெரியும். நம் ஆலையில் கிடைத்த சராசரி 2,900. டிஎஸ்எஸ் அதே 700.

கூட்டு மாதிரிக் கருவியில் கவனிக்க வேண்டியவை பல. பெட்டி குளிரூட்டப்பட்டு 4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையேல் லாக்டோஸ் பாட்டிலிலேயே புளித்து சிஓடி இறங்கும், பிஎச்சும் விழும். உறிஞ்சு குழாயின் வாய் தரையில் கிடந்தால் மண்டி ஏறும், மேற்பரப்பில் மிதந்தால் கொழுப்பு ஏறும்; நீர் நன்றாகக் கலங்கும் இடத்தில் நடு ஆழத்தில் நிற்க வேண்டும். குழாயின் உட்சுவரில் படியும் கொழுப்பு அடுத்த வாரம் பெயர்ந்து ஒரே பாட்டிலில் விழும் என்பதால் குழாயை அடிக்கடி மாற்ற வேண்டும். கிருமிநீக்கத்துக்குப் பெராசிட்டிக் அமிலம் பயன்படுத்தும் ஆலையில் இன்னொன்றும் உண்டு: அதில் மீந்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சிஓடி சோதனையில் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து அளவை உயர்த்திக் காட்டும். அசிட்டிக் அமிலம் தன் பங்குக்கு உண்மையான சிஓடியாகவே ஏறும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மீட்டரையும் மாதிரியையும் திருத்தியபின் கணக்கு: 45 + 290 + 50 = 385 பென்ஸ். 263 × 300 = 78,900 கன மீட்டர். கட்டணம் 3,03,765 பவுண்டு. ஒரு வால்வையும் தொடாமல் ஏறத்தாழ 70,000 பவுண்டு குறைகிறது. உண்மையான சுமை நாளுக்கு 763 கிலோ.

வடிகால் வடிகாலாக

இனி 763 கிலோ எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆலையின் தரைக்கடியில் ஓடும் ஒவ்வொரு கிளை வடிகாலிலும் ஓட்டமும் சிஓடியும் எடுத்துக் கூட்டினால், மொத்த வடிகாலின் எண்ணோடு பத்து சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். நம் ஆலையில் பிரிவு இப்படி: டேங்கர் இறக்கும் இடம் 60 கிலோ, செபரேட்டர் (பாலைச் சுழற்றிக் கொழுப்பையும் மாசையும் பிரிக்கும் இயந்திரம்) துப்பும் சேறு 90, பேஸ்டரைசரில் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்) பால்–நீர் மாறும் கட்டங்கள் 210, தயிர்த் தொட்டிகளும் குழாய்களும் 170, நிரப்பும் கூடம் 110, சிஐபி ரசாயனங்கள் 60. கூட்டினால் 700. இடம் தெரியாதது 63.

பேஸ்டரைசர்தான் பெரியது, காரணமும் எளிது. ஓட்டத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குழாயில் பாலும் நீரும் கலந்த ஒரு துண்டு வரும். அது போகும்வரை வால்வு வடிகாலுக்குத் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை ஒரு டைமர் முடிவு செய்கிறது. தயாரிப்பில் நீர் கலந்துவிடக் கூடாது என்ற நியாயமான பயத்தில், ஆரம்பித்து வைத்தவர் தாராளமாக நேரம் கொடுத்திருப்பார். மணிக்கு 15,000 லிட்டர் ஓட்டத்தில் 40 விநாடி என்பது 167 லிட்டர். சராசரியில் பாதி பால் என்றால் 83 லிட்டர். நாளுக்கு 12 மாற்றம், சுமார் 1,000 லிட்டர் பால், 200 கிலோ சிஓடி. கணக்கும் அளவீடும் இவ்வளவு நெருங்குவது, தேடும் இடம் சரி என்பதற்கு நல்ல அடையாளம்.

தீர்வு, டைமருக்குப் பதில் குழாயில் கலங்கலை அளக்கும் டர்பிடிட்டி சென்சார். பால் எந்தக் கணத்தில் நீராக மாறுகிறது என்று அதுவே பார்த்து வால்வைத் திருப்பும். நடுத்துண்டு தனித் தொட்டிக்குப் போகும். அதைக் குடிக்கும் பாலோடு சேர்க்க முடியாது; நீர் கலந்த பால் உறைநிலைச் சோதனையில் உடனே அகப்படும். தகுதியுள்ள வேறு தயாரிப்புக்கோ கால்நடைத் தீவனத்துக்கோ அனுப்பலாம். சென்சார் கண்ணாடியில் பால்கல் படிந்தால் எல்லாமே பாலாகத் தெரியும். அப்போது நீர் தயாரிப்புப் பக்கம் திரும்பிவிடக்கூடும். ஆகவே, சந்தேகம் வந்தால் வடிகாலுக்கே திறக்கும்படி வால்வின் நிரலை எழுத வேண்டும். பழைய டைமரைக் காவலாக வைத்துக்கொண்டு முதல் சில வாரம் இரண்டையும் ஒப்பிட்டு ஓட்டுவது நல்லது. 210 கிலோ 80-ஆக இறங்கும் என்று எடுத்துக்கொள்வோம்.

தயிர் கெட்டியானது, நீரால் தள்ளினால் நடுவில் ஓடை போட்டுக்கொண்டு நீர் முன்னே போய்விடும், தயிர் சுவரிலேயே நிற்கும். சிலிக்கோன் பிக் (குழாயை நிறைத்தபடி நகரும் அடைப்பான்) ஒன்றைக் குழாய்க்குள் விட்டுக் காற்றாலோ நீராலோ தள்ளினால் குழாயில் மீந்ததெல்லாம் நிரப்பும் இயந்திரத்துக்கே போகும். ஆனால் வழியில் ஒரே விட்டம், பெரிய ஆரமுள்ள வளைவு, முழுத்துளை வால்வு மூன்றும் வேண்டும். பழைய பட்டர்ஃபிளை வால்வு ஒன்று நடுவில் இருந்தாலும் பிக் அங்கே நின்றுவிடும். 170 கிலோ 60-ஆகும்.

செபரேட்டர் அரை மணிக்கு ஒரு முறை 8 லிட்டர் அளவில் சேற்றைத் துப்பும். இரண்டு இயந்திரம், 18 மணி நேரம், 72 முறை, 576 லிட்டர். சிறிய அளவு, கடுமையான அடர்த்தி. டிஎஸ்எஸ்ஸில் பெரும்பங்கு இதற்குண்டு. தனித் தொட்டியில் பிடித்து, காற்றில்லாச் செரிப்பு நிலையத்துக்கு டேங்கரில் அனுப்பிவிடலாம். இது விலங்குப் பொருள் கழிவு விதிகளுக்குள் வருவதால் ஏற்றிச் செல்பவருக்கும் பெறுபவருக்கும் உரிய அனுமதி இருக்க வேண்டும். 90 கிலோ 15-ஆகும்.

மீதி சிறியவை. டேங்கர் காலியானபின் இன்னும் சில நிமிடம் வடியவிட்டு, முதல் அலசல் நீரைப் பிடித்தால் 60 கிலோ 35. நிரப்பும் கூடத்தில் நிராகரித்த பாட்டில்களைத் தரை வடிகாலில் கவிழ்ப்பதை நிறுத்தி, சிந்தியதைக் குழாய் நீரால் அடித்துத் தள்ளாமல் முதலில் வழித்தெடுத்தால் 110 கிலோ 70. ரசாயனங்களை அப்படியே விடுகிறோம்.

புதிய சுமை: 35 + 15 + 80 + 60 + 70 + 60 + 63 = 383 கிலோ. அலசல் குறைவதால் நீரும் 235 கன மீட்டராகிறது. சிஓடி 1,630, டிஎஸ்எஸ் 420 என்று கொண்டால்: 45 + 163 + 30 = 238 பென்ஸ். ஆண்டுக்கு 70,500 கன மீட்டர், 1,67,790 பவுண்டு.

தண்ணீரை மட்டும் குறைத்திருந்தால்

இது தனியாகச் சொல்ல வேண்டிய தவறு, ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. சுமையைத் தொடாமல் நீரை மட்டும் 263-இலிருந்து 210-ஆக, அதாவது 20 சதவீதம் குறைத்தால், சாக்கடைக் கட்டணத்தில் குறைவது 53 × 300 × 45 பென்ஸ் = 7,155 பவுண்டு. இரண்டரை சதவீதம்கூட இல்லை. பி, எஸ் பகுதிகள் கிலோவைப் பொறுத்தவை, நீரை அல்ல. வாங்கும் நீரின் விலை மிச்சம் என்பது வேறு கணக்கு.

கூடவே சிஓடி 2,900-இலிருந்து 3,633-ஆக ஏறும். அனுமதிப் பத்திரத்தில் உச்சவரம்பு பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிகிராமில்தான் இருக்கும். வரம்பு 4,000 என்றால், சராசரி இவ்வளவு நெருங்கும்போது உச்சங்கள் நிச்சயம் தாண்டும். வரம்பை மீறுவது கட்டண விஷயம் அல்ல, குற்றம். எதிர்ப்புறமாக, அடர்த்தியைக் குறைக்க நீரைச் சேர்த்து விடுவதும் உதவாது. கிலோ அப்படியே இருக்கும், ஆரும் வியும் கூடும். அப்படி நீர்த்து விடுவதை நிறுவனங்களும் ஏற்பதில்லை.

இயந்திரம் வாங்கலாமா

மிதவைச் சுத்திகரிப்பில், அதாவது டிஏஎஃப் இயந்திரத்தில், பிஎச்சைச் சற்று அமிலமாக்கி, ஃபெரிக் குளோரைடோ பாலி அலுமினியம் குளோரைடோ கலந்து, பாலிமர் சேர்த்துத் திரட்டுவார்கள். நுண்ணிய காற்றுக்குமிழிகள் திரளை மேலே தூக்க, வழிப்பான் சேறாக அள்ளும். கொழுப்பும் கேசீனும் நன்றாக வரும். கரைந்த லாக்டோஸும் லாக்டிக் அமிலமும் வராது. சிஓடியில் 55 சதவீதம், டிஎஸ்எஸ்ஸில் 85 சதவீதம் நீங்கும் என்று வைப்போம்.

விற்பவரின் தாளில் இருப்பது பழைய பில். 2,88,000-இல் 55 சதவீதம், 45,000-இல் 85 சதவீதம்: ஆண்டுக்கு 1,96,650 பவுண்டு மிச்சம் என்று வரும். திருத்திய, சுமை குறைத்த பில்லில் பி பகுதி 1,14,915, எஸ் பகுதி 21,150. அதே இயந்திரம் இப்போது மிச்சம் பிடிப்பது சுமார் 81,000. வாக்குறுதியில் பாதிகூட இல்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த எண்கள் அப்படி.

இதில் ஓட்டும் செலவையும் கழிக்க வேண்டும். நீக்கிய 211 கிலோ சிஓடி ரசாயனத்தோடு சேர்ந்து நாளுக்குச் சுமார் 155 கிலோ உலர்ந்த சேறு ஆகும். இயந்திரம் அதை 4 சதவீதக் கெட்டியில்தான் தரும்: கிட்டத்தட்ட 4 டன். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,170 டன் டேங்கரில் போக வேண்டும். டன்னுக்கு 25 பவுண்டு என்றால் 29,000. ரசாயனம் 18,000, ஆள், மின்சாரம், பராமரிப்பு 20,000 என்று வைத்தால் கையில் நிற்பது 14,000. பல லட்சம் பவுண்டு முதலீட்டுக்கு இது போதாது. வாங்க வேண்டாம் என்பதே இந்த நிலையில் சரியான முடிவு. தயிர் உற்பத்தி இரட்டிப்பானாலோ, நிறுவனம் வரம்பைக் கடுமையாக்கினாலோ கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

வாங்க வேண்டியது, வெவ்வேறு கழிவுநீரைச் சேர்த்துக் கலந்து சீராக வெளியே விடும் சமன் தொட்டி. காரச் சிஐபியும் அமிலச் சிஐபியும் தனித்தனியாக வெளியேறும்போது பிஎச் 12-க்கும் 2-க்கும் இடையே ஊசலாடும். அனுமதி பெரும்பாலும் 6 முதல் 10 வரைதான். வெப்பத்துக்கும் வழக்கமாக 43 டிகிரி வரம்பு உண்டு. காரமும் அமிலமும் ஒரே தொட்டியில் கலந்தால் பாதி நடுநிலையாக்கம் தானாகவே நடக்கும். அளவில்தான் பலர் பிசகுவார்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று இரண்டு நாள் கொள்ளளவு கட்டினால், உள்ளே லாக்டோஸ் புளித்து பிஎச் 5-க்குக் கீழே போகும், நாற்றம் எடுக்கும், தினமும் காஸ்டிக் ஊற்ற வேண்டி வரும். இந்த ஆலைக்கு 8 முதல் 12 மணி நேர ஓட்டம், அதாவது 80 முதல் 120 கன மீட்டர் போதும். இடைவிடாத கலக்கியும் காற்றும் கட்டாயம்.

கடிதமும் அனுமதியும்

இங்கிலாந்தில் 2017 ஏப்ரலில் தொழில் நிறுவனங்களுக்கான நீர்ச் சந்தை திறந்தபின், பில் அனுப்புபவர் சில்லறை நிறுவனம். அனுமதி தருவதும் மாதிரி எடுப்பதும் சாக்கடையை நடத்தும் மொத்த நிறுவனம். மீட்டர் திருத்தக் கோரிக்கை முன்னவர் வழியாகப் பின்னவருக்குப் போய்ச் சேர வேண்டும். நீர்க்கணக்கு, தகட்டைச் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அளவுத் தணிக்கைச் சான்று, 28 நாள் கூட்டு மாதிரி முடிவுகள் எல்லாம் இணைப்பாக இருக்கட்டும். முக்கியமாக, சுரண்டுவதற்கு முன்பே படிவின் தடிப்பை அளந்து எழுதிவையுங்கள். சுரண்டியபின் பழைய பில்லுக்கு ஆதாரம் இருக்காது. இனி எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைக் கேட்டு வாங்கி, அதே முறையில் வேறு ஆய்வகத்தில் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும்.

1991 நீர்த்துறைச் சட்டத்தின்படி, புதிய வகைக் கழிவுநீர் விட இரண்டு மாதம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலோ நிபந்தனை ஏற்க முடியாததாக இருந்தாலோ நீர்த்துறை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். புதிய தயிர் வரிசைக்கு இயந்திரம் ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே அந்த அறிவிப்பும் போக வேண்டும்.

இனி அந்த இடம் தெரியாத 63 கிலோ. மொத்தத்தில் எட்டு சதவீதம். அளவீட்டுப் பிழை என்று விட்டுவிடத் தோன்றும். விட வேண்டாம். 24 பாட்டில் கருவியை மணிக்கு ஒரு பாட்டில் வீதம் வைத்து, உற்பத்தி இல்லாத ஞாயிறு இரவில் ஒரு முறை ஓட்டுங்கள். அப்போதும் சிஓடி 200, 300 என்று வந்தால் எங்கோ ஒரு வால்வு இருக்கை கசிகிறது, அல்லது வெப்பமாற்றியின் தகட்டு கேஸ்கெட் விட்டிருக்கிறது. இரவில் எதுவும் வரவில்லை என்றால் பகலில் யாரோ அரைத் தொட்டி தயாரிப்பை வடிகாலில் இறக்கியிருக்கலாம். தொட்டி மட்டப் பதிவையும் நிரப்பிய எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். அதோடு மழைநீர் வடிகாலின் மூடியையும் திறந்து பாருங்கள். அங்கே பால் வெண்மை தெரிந்தால் கட்டணக் கணக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த இணைப்பை அன்றே அடைக்க வேண்டும். அந்தக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஆற்றுக்குப் போகிறது.